சுங்கை பூலோவில் வெட்டிய நரம்பு
(வடசிலாங்கூர் தோட்டங்களின் கதை: பகுதி 17)

சென்ற பகுதியைத் தென்னமரம் தோட்டத்தோடு நிறுத்தியிருந்தேன். பத்தாங் பெர்ஜூந்தை பக்கத்தில், 1917இல், ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை வணிகப் பயிராக நட்ட இடம் அது. அவரே பிறகு மலாயாவை வைத்து நாவல் எழுதினார். 1930இல் அதற்கு பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அதே 1930இல், ஜூலை மாதம், கோலசிலாங்கூரிலிருந்து ஈஜோக் வழியாகக் கோலாலம்பூர் போகும் சாலையில் இன்னோர் இடம் திறந்தார்கள். அதன் பெயரைச் சொல்லத் தோட்டத்து மக்கள் கூசினார்கள். ஒரு வீட்டில் ஆள் குறைந்து, விசாரித்தால் "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு" என்று மட்டும் பதில் வந்தால், எந்த ஆஸ்பத்திரி என்று அடுத்த கேள்வி யாரும் கேட்பதில்லை.

சுங்கை பூலோ தொழுநோயர் குடியிருப்பு அது. அதை ஒரு சோகக் கதையாகச் சொல்லி முடித்துவிடுவதே நம்மவர் வழக்கம். சோகம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே வேறொன்றும் நடந்தது. இன்றைக்கு எடின்பரோவிலும் மிலானிலும் சான் பிரான்சிஸ்கோவிலும், அழிந்துபோன நரம்புறையை ஸ்டெம் செல்லால் மீட்க முடியுமா என்று தேடுகிறார்களே, அந்தத் தேடலின் ஒரு வேர் இந்தச் சாலையோரம் ஓடுகிறது. இந்த வாரம் அந்த வேரைப் பார்ப்போம்.

முதலில் சட்டம். 1926இல் மலாய் நாட்டுக் கூட்டரசு தொழுநோயர் சட்டம் கொண்டுவந்தது. நோய் கண்டவரைப் பிரித்து வைப்பது கட்டாயமானது. அதற்கு முன்பு கோலாலம்பூருக்கு அருகே செத்தாபாக்கில் ஒரு விடுதி இருந்தது. இருந்தது என்று சொல்லலாம், அவ்வளவுதான். சிலாங்கூரில் நெடுங்காலம் மருத்துவராக இருந்த டாக்டர் டிராவர்ஸ், அப்படி அடைத்து வைப்பது வைத்தியம் ஆகாது, வீடும் தோட்டமும் தொழிலும் உள்ள ஒரு கிராமமாக அது இருக்க வேண்டும் என்று வாதாடினார். தலைமைச் செயலாளர் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அதை ஆதரித்தார். புக்கிட் லாகோங் மலையடிவாரத்தில் 500 ஏக்கருக்கு மேல் நிலம் ஒதுக்கிச் சிறு சிறு வீடுகள் கட்டினார்கள். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பள்ளிக்கூடம், சந்தை, சிறைச்சாலை என எல்லாமே உள்ளே. 1936இல் குடியிருப்புக்குள் மட்டும் செல்லும் தனி நோட்டுகள்கூட அச்சாயின. காசு வழியாக நோய் வெளியே போய்விடும் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை என்று தெரிந்தபின் நோட்டுகள் வழக்கொழிந்தன. உச்ச காலத்தில் 2,000 பேருக்கு மேல் அங்கே வாழ்ந்தார்கள். சீனர்களே அதிகம். தமிழர்கள், மலாய்க்காரர்கள் அடுத்து.

அங்கே பிறந்த குழந்தைகளைத் தாயிடம் விட்டுவைக்கவில்லை. இதைப் பற்றி நிறைய எழுதலாம். எழுதியும் இருக்கிறார்கள். நான் இந்த ஒரு வரியோடு கடக்கிறேன், நம் விஷயம் வேறு என்பதால்.

பெருநோய் என்றால் தோல் நோய் என்றுதான் தோட்டத்தில் நினைத்தார்கள். வெளியே தெரிவது தோல்தானே. ஆனால் அந்தக் கிருமிக்கு உண்மையான வீடு நரம்பு. உடம்பில் சற்றுக் குளிர்ந்த இடங்களை அது விரும்பும். முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், முகம் போன்ற, நரம்பு தோலுக்கு மிக அருகே ஓடும் இடங்களில் போய் உட்காரும். முழங்கை நரம்பு கெட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிக்கொள்ளும். உள்ளங்கையில் உணர்ச்சி போகும். பால்வெட்டுக் கத்தி கையைக் கிழித்தாலும், அடுப்புச் சட்டி சுட்டாலும் தெரியாது. காயம் புண்ணாகும், புண் எலும்புவரை போகும். விரல் "அழுகி விழுகிறது" என்று ஊர் சொன்னது இதைத்தான். கொல்லிமலையில் பிறந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராக இருந்த பால் பிராண்ட்தான், விரல்களைக் கிருமி நேராகத் தின்பதில்லை, வலி தெரியாமல் போவதே அவற்றை அழிக்கிறது என்று நோயாளிகளைக் கவனித்துக் கவனித்து நிறுவினார். வலி ஒரு கொடை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். தோட்டத்து டிரெசருக்கும் இதே அனுபவம் இருந்திருக்கும், கட்டுப் போடும்போது முகம் சுளிக்காத ஆளைப் பார்த்து.

நரம்பை வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு நீண்ட இழை. அதைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை, மின்கம்பிக்கு மேலே ரப்பர் சுற்றியிருப்பதைப் போல. அதற்கு மையலின் என்று பெயர் வைத்தவர் ருடால்ஃப் விர்ஷோ, 1854இல். உறை இருந்தால் செய்தி நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில்கூடப் பாயும். உறையில்லாத மெல்லிய நரம்புகளில் வேகம் நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர்தான். கைகால்களின் நரம்புகளில் இந்த உறையைச் சுற்றுபவை ஷ்வான் செல்கள். ஒரு செல் ஒரு நரம்பிழையின் ஒரு துண்டை மட்டும் பார்த்துக்கொள்ளும். மூளையிலும் தண்டுவடத்திலும் அந்த வேலையைச் செய்பவை வேறு வகை, ஒலிகோடெண்ட்ரோசைட் என்பவை. அவற்றில் ஒரே செல் தன் கிளைகளை நீட்டிப் பத்து, இருபது, சில நேரம் ஐம்பது துண்டுகளுக்கு உறை சுற்றும். தொழுநோய்க் கிருமி குடியேறுவது ஷ்வான் செல்லுக்குள். மூளைக்குள் அது போவதில்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மருந்தின் கதைக்கு வருவோம். நீரடிமுத்து எண்ணெயை நம் சித்த மருத்துவர்கள் காலங்காலமாகப் பெருநோய்க்குக் கொடுத்துவந்தார்கள். சுங்கை பூலோவிலும் அதே இன மரங்களை நட்டு எண்ணெய் எடுத்து ஊசியாகப் போட்டார்கள். ஊசி போட்ட இடம் வீங்கும், வலிக்கும், பலன் சொற்பம். ஜப்பானியர் காலத்தில் அதுவும் இல்லை. பட்டினியும் காய்ச்சலும் பலரைக் கொண்டுபோயின. போர் முடிந்ததும் சல்ஃபோன் மருந்துகள் வந்தன. அவற்றில் மலிவானது டாப்சோன். நம் செங்கல்பட்டுக்கு அருகே திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் அதைத் துணிந்து கொடுத்துப் பார்த்தவர். அந்தத் துணிச்சல் கடல் தாண்டி சுங்கை பூலோவுக்கும் வந்தது. அங்கே மோல்ஸ்வொர்த், நாராயணசாமி என்ற இரு மருத்துவர்கள் டாப்சோனை எண்ணெயில் கலந்து 100 நோயாளிகளுக்கு ஓராண்டு கொடுத்து, விளைவை 1949இல் சர்வதேசத் தொழுநோய் இதழில் வெளியிட்டார்கள். செங்கல்பட்டிலிருந்து சிலாங்கூருக்கு ஆட்கள் கப்பலேறி வந்த கதையை முதல் பகுதிகளில் படித்தீர்கள். வைத்தியமும் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது.

டாப்சோனால் தோல் தெளிந்தது. வீட்டுக்குப் போகலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்துச் சிலருக்குத் தோலில் மறுபடி முடிச்சுகள். மாத்திரையை ஒழுங்காக விழுங்கவில்லை என்று நோயாளி மேல் பழி போடுவதுதான் எளிது. எல்லா ஊரிலும் அப்படித்தான் போட்டார்கள். 1950களின் இறுதியில் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சுங்கை பூலோவில் ஒரு தொழுநோய் ஆராய்ச்சிப் பிரிவு அமைந்திருந்தது. அங்கே இருந்த ஜான் பெட்டிட் அந்தப் பழியை ஏற்கவில்லை. நோயாளிகளை வார்டிலேயே வைத்து, கண்முன்னே மருந்து கொடுத்துப் பார்த்தார். முடிச்சுகள் குறையவில்லை. அப்படியானால் கிருமியே மாறியிருக்க வேண்டும். நிரூபிப்பது எப்படி? இந்தக் கிருமி கண்ணாடிக் குடுவையில் வளராது, இன்றுவரை யாரும் வளர்த்ததில்லை. 1960இல்தான் அமெரிக்காவில் சார்லஸ் ஷெப்பர்டு, எலியின் பாதத்தில் அதைப் பெருக்கலாம் என்று கண்டிருந்தார். கிருமி ஒரு முறை இரட்டிப்பாவதற்கே இரண்டு வாரம் பிடிக்கும், ஆகவே ஒரு சோதனைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெட்டிட் நோயாளிகளின் உடலிலிருந்து சிறு துண்டு திசு வெட்டினார். அதை ஐஸில் வைத்து விமானத்தில் லண்டன் மில் ஹில்லுக்கு அனுப்பினார். அங்கே டிக் ரீஸ் அதை எலிப் பாதத்தில் செலுத்தி, எலிகளுக்கு டாப்சோன் கலந்த தீனி போட்டார். கிருமி வளர்ந்தது. டாப்சோனுக்கு மசியாத தொழுநோய்க் கிருமி உண்டு என்பதற்கு உலகின் முதல் நிரூபணம் அது. 1964இல் லான்செட் இதழில் வந்தது.

அந்த ஒரு கட்டுரையின் பலனை அளப்பது கடினம். ஒற்றை மருந்து போதாது என்ற முடிவு அதிலிருந்துதான் வலுப்பெற்றது. ரிஃபாம்பிசின் தொழுநோய்க் கிருமியை எவ்வளவு விரைவில் கொல்கிறது என்பதை ரீஸ், பியர்சன், வாட்டர்ஸ் மூவரும் சுங்கை பூலோ நோயாளிகளை வைத்துப் பார்த்து 1970இல் எழுதினார்கள். 1982இல் உலகச் சுகாதார நிறுவனம் டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபசிமின் மூன்றையும் சேர்த்த கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. உலகெங்கும் கோடிக்கு மேற்பட்டவர்களைக் குணமாக்கியது அதுதான். ஒரு மருத்துவமனை வளாகம் உலகுக்கு இவ்வளவு கொடுத்திருப்பது வேறு நாட்டில் என்றால் பாடப்புத்தகத்தில் ஏறியிருக்கும். நம் பிள்ளைகளின் வரலாற்றுப் பாடத்தில் பார்த்தேன், காணோம்.

நம் நூலின் அடுத்த முடிச்சு 1974இல். பத்தாண்டு டாப்சோன் எடுத்து, தோலில் எதுவும் இல்லை என்று ஆகிவிட்ட நோயாளிகளை வாட்டர்ஸும் ரீஸும் ஆக்ஸ்ஃபோர்டு உடற்கூறியலாளர் வெடெல்லும் மறுபடி ஆராய்ந்தார்கள். தோல் மட்டுமல்ல, நரம்பிலும் தசையிலும் துண்டு வெட்டி எடுத்தார்கள். உயிருள்ள கிருமிகள் அங்கே ஒளிந்திருந்தன. மருந்துக்கு மசியாதவை என்பதால் தப்பியவை அல்ல, மருந்தால் சாகக்கூடியவையே, ஆனாலும் பத்தாண்டு உறங்கிக் கிடந்தவை. நரம்பில் இருப்பது சரி. நரம்புறையில் குடியிருக்கும் கிருமி தசைக்கு எப்படி நகர்ந்தது? அப்போது யாரிடமும் நல்ல விடை இல்லை.

விடையின் ஒரு பகுதி கிடைக்க ஏறக்குறைய நாற்பதாண்டு ஆயிற்று. அனுர ரம்புக்கன என்ற ஆய்வாளர், முதலில் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்திலும் பிறகு எடின்பரோவிலும், இந்தக் கிருமிக்கும் ஷ்வான் செல்லுக்கும் உள்ள உறவையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். 2002இல் சயன்ஸ் இதழில் அவர் குழு ஒன்றைக் காட்டியது. உடலின் எதிர்ப்புச் செல்கள் எதுவும் பக்கத்தில் இல்லாதபோதும், கிருமி ஒட்டிக்கொண்டாலே உறை கழன்றுவிடுகிறது. அதுவரை, கிருமியை எதிர்க்கப் போன உடம்பே கோபத்தில் உறையை எரித்துவிடுகிறது என்றுதான் பெரும்பாலோர் நம்பியிருந்தார்கள். அதுவும் நடக்கிறது, ஆனால் முதல் அடி கிருமியின் கையால்.

உறை கழன்றால் கிருமிக்கு என்ன லாபம்? உறை சுற்றிய ஷ்வான் செல் வேலையில் மூழ்கிய செல், அது பெருகாது. உறையைக் கழற்றிய ஷ்வான் செல் தன் இளமைக்குத் திரும்பிப் பெருகத் தொடங்கும். நரம்பு அறுபட்டால் உடம்பு தன்னைத்தானே சீர்செய்ய வைத்திருக்கும் ஏற்பாடு அது. கிருமி அந்த ஏற்பாட்டைத் திருடிக்கொள்கிறது. 2013 ஜனவரியில் செல் இதழில் வந்த கட்டுரை இன்னும் ஒருபடி மேலே போனது. எலியின் ஷ்வான் செல்லுக்குள் குடியேறிய கிருமி, அந்தச் செல்லுக்கு ஷ்வான் செல் என்ற அடையாளம் கொடுக்கும் மரபணுக்களை ஒவ்வொன்றாக அணைத்துவிடுகிறது. கருவில் மட்டும் வேலை செய்யும் மரபணுக்களை எழுப்பிவிடுகிறது. கடைசியில் அந்தச் செல் ஸ்டெம் செல்லுக்கு நிகரான ஒன்றாக மாறிவிடுகிறது. அப்படி மாறிய செல் நகரும், தசைச் செல்லாகவும் ஆகும், தன்னோடு கிருமியைத் தூக்கிக்கொண்டும் போகும். சோதனைக்கூடத்திலும் எலியிலும் கண்டது இது. மனித நோயாளியிடம் இதேதான் நடக்கிறது என்று இன்னும் காட்டப்படவில்லை. ஆனாலும் சுங்கை பூலோவில் தசைத் துண்டுக்குள் கிடந்த அந்தக் கிருமிகளை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் உடம்பு சிலிர்க்கும். அறிவியல் ஆய்வுக்கூடங்கள் வளர்ந்த செல்லை ஸ்டெம் செல்லாகத் திருப்ப 2006வரை, ஜப்பானின் யமனாக்காவரை காத்திருந்தன. ஒரு கிருமி அதற்கு ஒத்த ஒன்றைத் தன் பிழைப்புக்காகச் செய்துகொண்டிருந்திருக்கிறது.

2022இல் ரம்புக்கன குழு இன்னொரு வியப்பைச் சொன்னது. தொழுநோய்க் கிருமி தொற்றிய அர்மடில்லோக்களின் கல்லீரல், வடுவோ கட்டியோ இல்லாமல் பெரிதாக வளர்ந்திருந்தது. உறுப்பை இளமைக்குத் திருப்பும் வித்தையை இதிலிருந்து கற்க முடியுமா என்பது இப்போதைய கேள்வி.

சரி, மூளை? கைகால் நரம்பில் உறை போனால் ஷ்வான் செல் இளமைக்குத் திரும்பி மீண்டும் சுற்றிவிடும். மூளையின் ஒலிகோடெண்ட்ரோசைட் அப்படித் திரும்புவதில்லை. அதற்குப் பதில் மூளை முழுக்க முன்னோடிச் செல்கள் சிதறிக் கிடக்கின்றன. உறை அழிந்த இடத்துக்கு அவை போய், முதிர்ந்து, புதிய உறை சுற்ற வேண்டும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் அவை சேதமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தும் முதிராமல் நின்றுவிடுகின்றன. நம் நாட்டில் அந்த நோய் அரிது, ஐரோப்பாவில் அதிகம். பணமும் ஆராய்ச்சியும் அங்கே குவிந்ததற்கு அதுவே காரணம் என்று நான் சொன்னால் கசப்பாகத் தோன்றலாம்.

1977இல் கேம்பிரிட்ஜின் பிளேக்மோர், ஷ்வான் செல்லையே தண்டுவடத்துக்குள் வைத்தால் அது அங்கேயும் உறை சுற்றுகிறது என்று விலங்கில் காட்டினார். 2001இல் யேல் பல்கலைக்கழகத்தில் மனித மூளையில் அதை முயன்றார்கள், எதிர்பார்த்த பலன் வரவில்லை. பிறகு கவனம் ஸ்டெம் செல்லுக்குத் திரும்பியது. பிறவியிலேயே மூளை நரம்புகளுக்கு உறை உருவாகாத ஒரு கொடிய நோயுள்ள நான்கு சிறுவர்களுக்கு சான் பிரான்சிஸ்கோவில் நரம்பு ஸ்டெம் செல்களை மூளையில் செலுத்தினார்கள். 2012இல் வந்த முடிவில், ஸ்கேனில் புதிய உறைக்கான அறிகுறி தெரிந்தது, பெரிய கெடுதல் இல்லை. நான்கு பேரை வைத்து அதற்கு மேல் சொல்ல முடியாது. 2023 தொடக்கத்தில் மிலானின் சான் ரஃபேல் மருத்துவமனை, முற்றிய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ள 12 பேருக்குத் தண்டுவட நீரில் இத்தகைய செல்களைச் செலுத்திய விவரத்தை வெளியிட்டது. தாங்கிக்கொள்ள முடிகிறது, ஆபத்து பெரிதாக இல்லை, அவ்வளவுதான் முடிவு. இன்னொரு பக்கம், செல்லே வேண்டாம், உள்ளே இருக்கும் முன்னோடிச் செல்லை மருந்தால் தட்டி எழுப்பலாம் என்று ஒரு கட்சி. கிளெமாஸ்டின் என்ற பழைய ஒவ்வாமை மாத்திரை பார்வை நரம்பின் வேகத்தைச் சற்றுக் கூட்டுகிறது என்று 2017இல் கண்டார்கள். என் கணிப்பில் இந்தக் கட்சிதான் முதலில் ஊர் போய்ச் சேரும். செல்லை வெளியே வளர்த்துச் செலுத்துவதைவிட, மாத்திரை ஏழைக்கும் எட்டும்.

இந்தக் கட்டுரைகளின் இறுதியில் நன்றி சொல்லும் பத்திகள் உண்டு. பல்கலைக்கழகம், நிதி கொடுத்த அறக்கட்டளை, எலி பராமரித்தவர் எல்லாம் வருவார்கள். 1964லும் 1974லும் தங்கள் தோலையும் நரம்பையும் வெட்டக் கொடுத்தவர்கள் வெறும் எண்களாக இருக்கிறார்கள். நோயாளியின் அந்தரங்கம் காக்க அது வேண்டியதே. ஆனால் அவர்கள் சட்டத்தால் அடைக்கப்பட்டவர்கள். வேண்டாம் என்று எழுந்து வீட்டுக்குப் போகும் வழி எத்தனை பேருக்கு இருந்தது? மருத்துவர்கள் நல்லவர்கள், பலர் அங்கேயே உழன்றவர்கள். அது வேறு, இந்தக் கேள்வி வேறு.

1969இல் சுங்கை பூலோ தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆனது. குணமானவர்களில் பலர் வெளியே போகவில்லை, போக இடம் இல்லை. பூச்செடி வளர்த்தார்கள். இன்று கோலாலம்பூர்க்காரர்கள் வார இறுதியில் செடி வாங்கப் போகும் அந்த நாற்றுப்பண்ணை வரிசை அவர்கள் தொடங்கியது. 2007இல் கிழக்குப் பகுதி வீடுகளை இடித்துப் பல்கலைக்கழக வளாகம் கட்டினார்கள். பக்கத்தில் எழுந்த சுங்கை பூலோ மருத்துவமனைதான் 2020இல் கோவிட் காலத்தில் நாடே பெயர் சொன்ன மருத்துவமனை.

முடிக்கும் முன் வாசகர்களிடம் இரண்டு பேச்சு. அழிந்த மூளை நரம்புறையை மீட்டுத் தரும் ஸ்டெம் செல் சிகிச்சை என்று அங்கீகாரம் பெற்றது உலகில் இன்று எங்கும் இல்லை. பக்கவாதம், நடுக்கம், நரம்புத் தளர்ச்சி எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்டால், இ.பி.எஃப். பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டாவது, உடம்பில் எங்காவது வெளிறிய படை இருந்து, அதில் தொட்டாலோ கிள்ளினாலோ தெரியவில்லை என்றால், தேமல் என்று களிம்பு தடவிக்கொண்டிருக்காமல் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். மருந்து ஆறு மாதம் அல்லது ஓராண்டு, அதற்குக் காசு கிடையாது. யாரும் யாரையும் இப்போது அடைத்து வைப்பதில்லை. நரம்பு கெடுவதற்கு முன் போனால் விரல் தப்பும்.